தலைக்காயமும் நரம்புக்காயமும்: வயதானவர், கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரைக்காரர் வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்பவை

தலைக்காய வார்டிலும் கேஷுவாலிட்டியிலும் மாறி மாறி வேலை பார்க்கும் செவிலியர் நான். ராத்திரி மருந்தெல்லாம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால், நோயாளியோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வருவார்கள். ஆள் மாறும், ஊர் மாறும், சந்தேகம் மட்டும் மாறாது. அதிலும் பெரும்பாலும் ஒரு தாத்தாவைப் பற்றியோ, கைக்குழந்தையைப் பற்றியோ, இதய மாத்திரை சாப்பிடும் அம்மாவைப் பற்றியோதான் இருக்கும். அவர்கள் கேட்டது கேட்டபடியே இங்கே இருக்கிறது. நோயாளியைப் பார்க்காமல் எழுதும் பதில் இது. எதிரில் நின்று பார்க்கும் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

தலையில அடின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே சிஸ்டர்? இவங்களுக்கு மட்டும் என்ன தனி?

அடி ஒன்றுதான், வாங்குகிற தலை வேறு. மண்டையோடு ஒரு கெட்டியான பெட்டி. உள்ளே ரத்தம் கசிந்தால் பெட்டி விரியாது, மூளைதான் நசுங்கும். முப்பது வயதுக்காரருக்குப் பெட்டி நிறைய மூளை இருக்கிறது. கொஞ்சம் கசிந்தாலும் தலைவலி, வாந்தி, மயக்கம் என்று சீக்கிரம் காட்டிவிடும். எழுபது வயதில் மூளை சற்றுச் சுருங்கி உள்ளே இடம் காலியாகக் கிடக்கும். கசிந்த ரத்தம் அங்கே சத்தமில்லாமல் தேங்கும். கைக்குழந்தைக்கு மண்டையோட்டு எலும்புகள் இன்னும் சேரவே இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்னக் கசிவும் நிற்காமல் ஓடும். குடித்தவரிடம் போதை எது, மூளைக்காயம் எது என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடு.

அதனால்தான் வாசலிலேயே வயது, மாத்திரை, சர்க்கரை, கர்ப்பம் எல்லாம் கேட்கிறோம். ரத்தம் ஒழுக நிற்கும்போது "என்ன மாத்திரை சாப்பிடுவார்?" என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும், பதிலையும் சொல்லிவிடுங்கள்.

என்னென்ன தெரிஞ்சா உடனே தூக்கிட்டு வரணும்?

சில நொடிதான் என்றாலும் நினைவு தப்பியது, ஒன்றுக்கு மேற்பட்ட வாந்தி, வலிப்பு, நேரம் போகப் போகக் கூடும் தலைவலி, சம்பந்தமில்லாத பேச்சு, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், ஒரு பக்கக் கை கால் சோர்வு, ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாக இருப்பது, மூக்கிலோ காதிலோ ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வடிவது, இரண்டு கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கருநீலம் பூப்பது. இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கழுத்தைத் திருப்பாமல், தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி தூக்க வேண்டும்.

வயதானவருக்கும், உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் இதில் ஒன்றுமே இல்லையென்றாலும் வந்து காட்டுவது நல்லது. யாருக்கு ஸ்கேன் வேண்டும் என்று கனடாவில் வகுத்த விதி பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, அடிபட்டு நினைவு தப்பியோ குழம்பியோ வந்தவருக்கு 65 வயது ஆகியிருந்தால், அந்த வயது ஒன்றே சி.டி. ஸ்கேன் எடுக்கப் போதுமான காரணம்.

அடிபட்டவரைத் தூங்க விடக்கூடாதாமே?

தூங்கலாம். தூங்குவதால் ரத்தம் கசியாது. மயக்கத்தைத் தூக்கம் என்று நாம் நினைத்துவிடுவோமே என்ற பயத்தில் வந்த வழக்கம் அது. மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பியவர் என்றால், முதல் ராத்திரி அவர் சொன்ன இடைவெளியில் எழுப்பி, பேரையும் இடத்தையும் கேளுங்கள். கண் திறந்து, எரிச்சலோடு "ஏன் எழுப்புறே" என்று திட்டினால் ரொம்ப நல்லது. விடிய விடிய கன்னத்தில் தட்டி முழிக்க வைத்துக் காலையில் கொண்டுவந்தால், வந்தவர் அடியால் சோர்ந்திருக்கிறாரா, தூக்கம் கெட்டுச் சோர்ந்திருக்கிறாரா என்று எங்களுக்கே தெரியாது.

காயத்துல காபித்தூள் வச்சு அமுக்கினோம், ரத்தம் நின்னுடுச்சு. தப்பா?

ரத்தம் நின்றது நீங்கள் அமுக்கியதால். காபித்தூள் அதில் செய்தது ஒன்றுமில்லை. தையல் போடும் முன் அதைத்தான் சலைன் ஊற்றி ஊற்றி, காய்ந்த ரத்தத்தோடு ஒட்டிப்போன ஒவ்வொரு துணுக்காகக் கழுவி எடுக்கிறோம். மஞ்சள்தூள் என்றால் காயத்தின் ஓரம் எது, தோல் எது என்றே தெரியாது. சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்துங்கள், போதும். எலும்பு உள்வாங்கினாற்போல் பள்ளம் தெரிந்தால் அழுத்தாமல் துணியை மேலே போட்டு மூடி மட்டும் வையுங்கள்.

காதில் ரத்தம் வந்தால் எண்ணெய் விடுவது, பஞ்சை அடைப்பது, மூக்கைச் சிந்தச் சொல்வது மூன்றும் வேண்டாம். மண்டையின் அடி எலும்பில் விரிசல் விட்டிருந்தால் வெளியிலிருக்கும் கிருமி மூளையுறைக்குப் போக அதுவே வழி. வலிப்பு வந்தால் கையில் சாவி திணிப்பதும், மயங்கியவருக்குச் சோடா ஊற்றுவதும் அதே ரகம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதுவும் போடாதீர்கள்.

அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இருபது நாள் ஆச்சு. அப்போ ஒண்ணும் இல்ல. இப்போ நடை தள்ளாடுது, பேச்சு மாறுது. அந்த அடிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். நாங்கள் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். முதல் பதிலில் சொன்ன காலி இடம் நினைவிருக்கிறதா? மூளை சுருங்கும்போது, மூளையிலிருந்து மேலுறைக்குப் போகும் மெல்லிய சிரைகள் இழுபட்டு, கொடியில் விறைப்பாகக் கட்டிய நூல் மாதிரி நிற்கும். லேசான அடிக்கே ஒன்று அறுந்துவிடும். ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, இரண்டு மூன்று வாரத்தில் நீர்த்துப் பெருகி மூளையை அழுத்தத் தொடங்கும். சிலருக்கு மாதக்கணக்கும் ஆகும். மருத்துவர்கள் இதை நாள்பட்ட சப்டூரல் ரத்தக்கட்டு என்பார்கள்.

வீட்டில் இதை வயசாயிடுச்சு, மறதி, பக்கவாதம் என்று என்னென்னவோ பெயரில் அழைப்பார்கள். ஒரு பெரியவரை அவர் மகள் அழைத்து வந்தது ஞாபகம் இருக்கிறது. "விழுந்தாரா?" என்றதற்கு இல்லை என்றார். இரண்டாவது தடவை "தலை எங்கேயாவது இடிச்சுதா?" என்று கேட்டதும், ஒரு மாதத்துக்கு முன் மாடிப்படிக்கு அடியில் நிமிரும்போது இடித்துக்கொண்டார் என்றார். வீங்கக்கூட இல்லையாம். ஸ்கேனில் ஒரு பக்கம் முழுக்க ரத்தக்கட்டு. ஆகவே ஒன்றரை, இரண்டு மாதம் பின்னோக்கி யோசித்துப் பாருங்கள். நேற்று வரை சட்டைப் பொத்தானைத் தானே போட்டவருக்கு இன்று விரல் தடுமாறுகிறது என்றால், வயது ஒரே ராத்திரியில் கூடிவிடாது.

எண்பத்திரண்டு வயசு. மண்டையில துளை போட்டா தாங்குவாரா?

தலைக்காயத்துக்குச் செய்யும் அறுவைகளில் வயதானவர்கள் நன்றாகத் தாங்குவது இதைத்தான். மண்டையோட்டில் ஓரிரு சிறு துளைகள் போட்டு, நீர்த்த ரத்தத்தை வெளியேற்றிக் கழுவுவார்கள். முழு மயக்கம் கொடுக்க முடியாதவருக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தும் பண்ணுவதுண்டு. வருவது பார்க்க வண்டியில் மாற்றும் பழைய இன்ஜின் ஆயில் மாதிரிதான் இருக்கும். காலையில் தூக்கி வந்தவர் மறுநாள் "காபி எங்கே" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். இதயம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையும் பொறுத்தது. பத்துப் பேரில் ஓரிருவருக்கு மறுபடி சேரும். அதனால் வீட்டுக்குப் போன பிறகும் ஒரு மாதம் நடையையும் பேச்சையும் கவனியுங்கள். ரத்தக்கட்டு சின்னதாக, தொந்தரவில்லாமல் இருந்தால் அறுவையே இல்லாமல் ஸ்கேன் எடுத்து எடுத்துப் பார்த்து விடுவதும் உண்டு.

அம்மா ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடுறாங்க. ரத்தம் மெலிதாக்குற மாத்திரைன்னு சொன்னாங்க. லேசா இடிச்சுக்கிட்டதுக்கெல்லாம் ஸ்கேனா?

முதலில் எந்த மாத்திரை என்று பார்ப்போம். வால்வு மாற்றியவர்களும், இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்களும் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின், டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் ஒரு வகை. ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் ஈகோஸ்பிரின், குளோபிடோக்ரெல் இன்னொரு வகை. முதல் வகையில் இருப்பவர் தலையில் இடித்துக்கொண்டு வந்தால், ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஸ்கேன் எடுப்பதா என்று மருத்துவர் கட்டாயம் யோசிப்பார், பெரும்பாலும் எடுப்பார். இரண்டு வகையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கவனம்.

அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற பரிசோதனை உடனே பார்ப்போம். சாதாரண ஆளுக்கு அது 1 அளவில் இருக்கும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 2 முதல் 3 வரை வைத்திருப்பார்கள், சில செயற்கை வால்வுகளுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக. ஆன்ட்டிபயாட்டிக் ஏதாவது சேர்த்துச் சாப்பிட்டிருந்தால் 5, 6 என்றுகூட ஏறியிருக்கும். மூளையில் கசிவு இருந்தால் வைட்டமின் கே ஊசி, பிளாஸ்மா, ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களின் செறிவு கொடுத்து அதைக் கீழே இறக்குவார்கள். டாபிகாட்ரானுக்கு இடாருசிசுமாப் என்ற தனி முறிமருந்து இருக்கிறது. எந்த மாத்திரை என்று தெரிந்தால்தானே எந்த முறிமருந்து என்று முடிவெடுக்க முடியும்? "வெள்ளைக் கலர்ல சின்னதா ஒரு மாத்திரை" என்பது எங்களுக்கு உதவாது. வரும்போது அட்டையைக் கையில் கொண்டு வாருங்கள், அல்லது இன்றைக்கே மாத்திரை அட்டைகளை ஒரு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுந்த அன்னைக்கே அந்த மாத்திரையை நாங்களே நிறுத்திட்டோம். சரிதானே?

சரியில்லை. செயற்கை வால்வு உள்ளவர் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதமே வரலாம். கசிவுக்குப் பயந்து அடைப்பைக் கூப்பிட்டாற்போல ஆகிவிடும். அடுத்த வேளை மாத்திரை நேரத்துக்குள் மருத்துவரிடம் வந்துவிடுங்கள். நிறுத்துவதா, எத்தனை நாள், திரும்ப எப்போது தொடங்குவது என்று நரம்பியல் அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் "எப்போது மீண்டும் தொடங்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்காமல் வராதீர்கள். நிறுத்தச் சொன்னதை மட்டும் நினைவில் வைத்து மூன்று மாதம் கழித்துப் பக்கவாதத்தோடு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டு, அப்புறமும் ஏன் பெட்ல போட்டு வச்சிருக்கீங்க?

ஸ்கேன் என்பது அந்த நிமிடத்தின் போட்டோ. மேலே சொன்ன மாத்திரை சாப்பிடுகிறவருக்கு முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்து, சில மணி நேரம் கழித்துக் கசிவது உண்டு. நூறு பேரில் ஒருவருக்கு வருமா என்னும் அளவுக்கு அரிதுதான். எல்லாரையும் படுக்க வைப்பதில்லை, ஐ.என்.ஆர். ஏறியிருப்பவர், இரண்டு வகை மாத்திரையும் சாப்பிடுகிறவர், வீட்டில் தனியாக இருப்பவர், இவர்களைத்தான் ஒரு நாள் வைத்துப் பார்க்கிறார்கள்.

குழந்தை கட்டில்ல இருந்து விழுந்துடுச்சு. நெத்தியில புடைச்சிருக்கு. ஸ்கேன் எடுத்துடலாமே, மனசுக்கு நிம்மதி?

நிம்மதி உங்களுக்கு, கதிர்வீச்சு பிள்ளைக்கு. வளரும் மூளைக்கு அதைத் தேவையில்லாமல் கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் 42,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009-இல் வெளியிட்ட விதியைத்தான் பெரும்பாலும் கையில் வைத்திருக்கிறோம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் 3 அடிக்கு மேலிருந்து விழுந்ததா, 5 நொடி அல்லது அதற்கு மேல் நினைவு தப்பியதா, புடைப்பு நெற்றியிலா அல்லது பக்கவாட்டிலா பின்னாலா, அம்மா பார்வைக்குப் பிள்ளை வழக்கம்போல் இருக்கிறதா என்று பார்ப்போம். நெற்றிப் புடைப்பு பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் சாது. காதுக்கு மேலே மெத்தென்று வீங்கினால்தான் எங்களுக்குக் கவலை, அடியில் எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம்.

விழுந்தவுடன் வீரிட்டு அழுதது, பத்து நிமிடத்தில் பால் குடித்தது, சிரித்தது என்றால் சில மணி நேரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் போதும். ஒரு வாந்தி பிள்ளைகளுக்குச் சகஜம். திரும்பத் திரும்ப எடுத்தால் வாருங்கள். புடைப்பைத் தேய்த்து விடாதீர்கள். ஐஸைத் துணியில் சுற்றி லேசாக வையுங்கள்.

உச்சிக்குழி மேல அடிபட்டா உயிருக்கே ஆபத்தாமே?

உச்சிக்குழியில் எலும்பு இல்லையே தவிர, கெட்டியான சவ்வு இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். அதைத் தொடவே பயப்பட வேண்டாம். எங்களுக்கு அது ஜன்னல் மாதிரி. பிள்ளை அழாமல் நிமிர்ந்து இருக்கும்போது குழி உப்பி விறைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பெரியவருக்குத் தலைக்காயத்தால் மட்டும் ரத்தம் குறைந்து அதிர்ச்சி நிலை வருவது அபூர்வம். கைக்குழந்தைக்கு வரும். கிலோவுக்கு 80 மில்லி என்று கணக்குப் போட்டால் 5 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்தம் 400 மில்லி ரத்தம்தான், இரண்டு டம்ளர். தலைத்தோலுக்கு அடியில் ஒரு வீக்கத்திலேயே அதில் கணிசமான பங்கு தேங்கிவிடும். பிள்ளை வெளுத்து, துவண்டு, பால் குடிக்காமல் இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

ஒன்றரை மாசக் குழந்தை. விழவே இல்ல. ஆனா மூளையில ரத்தக்கசிவுன்னு சொல்றாங்க. எப்படி?

கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிறந்தவுடன் தொடையில் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்பது. ரத்தம் உறைய அந்த வைட்டமின் வேண்டும். தாய்ப்பாலில் அது ரொம்பக் குறைவு, பிறந்த பிள்ளையின் கையிருப்பும் குறைவு. ஊசி போடாத பிள்ளைக்கு இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் அடியே இல்லாமல் மூளையில் கசியலாம். வீட்டுப் பிரசவத்தில் இந்த ஊசி விட்டுப்போகும். தாய்ப்பாலை இதற்காக நிறுத்தாதீர்கள், ஊசிதான் தீர்வு.

ஊசி போட்டிருந்தும், உறைதல் பரிசோதனைகளும் சரியாக இருந்தும் கசிந்திருந்தால், யாராவது அழுகையை நிறுத்தப் பிள்ளையைப் பலமாக உலுக்கினார்களா என்று மருத்துவர் கேட்பார். கேட்பது அவர் கடமை. சண்டைக்குப் போகாதீர்கள்.

பிறந்ததுல இருந்தே ஒரு கையைத் தூக்கல. நரம்பு இழுபட்டுடுச்சுன்னாங்க. சரியாகுமா?

தோள் மாட்டிக்கொண்ட பிரசவங்களில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கற்றை இழுபடுவதுண்டு. சர்க்கரை உள்ள தாய்க்குப் பிறக்கும் பெரிய குழந்தைகளிடம் கூடுதலாகப் பார்க்கலாம். கை உள்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு, மணிக்கட்டு மடங்கித் தொங்கும். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். மூன்று மாதம் ஆகியும் முழங்கையை மடக்கவில்லை என்றால் "தானா சரியாகும்" என்று உட்காராமல், நரம்பு அறுவை செய்யும் மையத்தில் காட்டுங்கள். சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுங்கள். கையைப் பிடித்து இழுத்து உருவிவிடும் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

என் தங்கச்சி ஏழு மாசம். வண்டியில இருந்து விழுந்துட்டா. ஸ்கேன் எடுத்தா குழந்தைக்கு ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க.

தலைக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் வயிற்றுக்குப் போகும் கதிர்வீச்சு 0.01 மில்லிகிரேகூட வராது. சிசுவுக்குக் கெடுதல் என்று கவலைப்படத் தொடங்கும் அளவு 50 மில்லிகிரே. மருத்துவர் வேண்டும் என்றால் தயங்காமல் எடுங்கள். அம்மாவின் மூளையில் கசிவைக் கண்டுபிடிக்காமல் விட்டால் இருவருக்குமே ஆபத்து.

கர்ப்பிணியிடம் வேறு சில விஷயங்களும் உண்டு. உடம்பில் ரத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருப்பதால், நிறைய ரத்தம் போன பிறகும் பிரஷர் சரியாகவே காட்டி ஏமாற்றும். ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாக்கப் படுக்க வைத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், அதனால் பலகையோடு சேர்த்து இடப்பக்கம் சாய்த்துக் கொண்டு வர வேண்டும். வயிற்றில் அடி தெரியாவிட்டாலும் குழந்தையின் துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரம் பார்ப்பார்கள். அவர் ரத்த வகை நெகட்டிவ் என்றால் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு கிளம்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 72 மணி நேரத்துக்குள் தேவைப்படலாம், அதை நீங்களே ஞாபகப்படுத்துங்கள். வலிப்பும் வந்தது என்றால் விழுந்து வலிப்பு வந்ததா, கர்ப்பகால பிரஷரால் வலிப்பு வந்து விழுந்தாரா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் பார்த்தவரின் வாக்குமூலம்தான் அங்கே வழிகாட்டி.

குடிச்சுட்டு விழுந்தாரு. போதை தெளிஞ்சா எழுந்துடுவாருன்னு விட்டுட்டோம்...

இந்தக் கேள்வி பெரும்பாலும் முடியாமலே நின்றுவிடும். குடித்தவர் உளறுகிறார், தள்ளாடுகிறார், வாந்தி எடுக்கிறார், தூங்குகிறார். இரண்டாவது பதிலில் இருக்கும் பட்டியலும் கிட்டத்தட்ட அதேதான். சாராய வாசனை வந்தால் நாங்களும் அதன்மேல் பழிபோட்டுவிடக் கூடாது என்றுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். போதை என்றால் நேரம் போகப் போகத் தெளிய வேண்டும். போகப் போக ஆழ்ந்தால் அது போதை இல்லை. வருஷக்கணக்காகக் குடிப்பவருக்கு மூளையும் சுருங்கியிருக்கும், கல்லீரல் கெட்டு ரத்தமும் சரியாக உறையாது. நாற்பது வயதிலேயே எழுபது வயதுக்காரரின் தலை.

சேர்த்த பிறகு எங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது கடைசியாக எப்போது குடித்தார் என்பது. தினமும் குடிப்பவர் நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு பிதற்றலும் நடுக்கமும். அதை மூளைக்காயத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான் கேட்கிறோம், திட்டுவதற்கு இல்லை. அப்புறம், போதையில் நாற்காலி முதுகில் கையைப் போட்டுத் தூங்கி, காலையில் மணிக்கட்டு தொங்கிப்போய் வருவார்கள். மேல்கை எலும்பை ஒட்டிப்போகும் நரம்பு நசுங்கியது அது. பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும்.

சர்க்கரை இருக்கு. விழுந்ததால மயக்கமா, சர்க்கரையால மயக்கமா?

விரலில் குத்திப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தாழ்சர்க்கரை குழப்பம், வலிப்பு, ஏன், ஒரு பக்கம் சோர்வுகூடத் தரும். ஏற்றினால் தெளிவார். தெளிந்துவிட்டார் என்று அப்படியே அழைத்துப் போகாதீர்கள், சர்க்கரை இறங்கி விழுந்தவருக்கும் தலையில் அடிபட்டிருக்குமே.

தாத்தா குப்புற விழுந்து தாடையில அடி. தலை ஸ்கேன் நார்மல். ஆனா ரெண்டு கையும் வரல, கால் நல்லா நடக்குது. நடிக்கிறாரோ?

நடிக்கவில்லை. கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடப் பாதை குறுகியிருக்கும் வயதானவர் முகம் மோதி விழும்போது, கழுத்து பின்னால் வளைந்து தண்டுவடத்தின் நடுப்பகுதி நசுங்கும். எலும்பு முறியாமலேயே நடக்கும். கைகளுக்குப் போகும் பகுதி அதிகம் பாதிக்கப்படுவதால் கை போய், கால் நிற்கும். சிறுநீர் அடைப்பும் வரலாம். உள்ளங்கையில் எரிச்சல், பொத்தான் போட முடியவில்லை என்று லேசாகவும் காட்டும். கழுத்துப் பட்டை போட்டு, கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். நெற்றியில் காயத்தோடு வரும் முதியவருக்குக் கழுத்தையும் பாருங்கள் என்று நீங்களே வாய்விட்டுக் கேட்கலாம்.

வீக்கம் வத்த ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லுங்களேன், போன தடவை பக்கத்து பெட்டுக்குப் போட்டாங்க.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மூளைக்கட்டியாக இருந்திருக்கும், அங்கே அது உதவும். அடிபட்ட மூளைக்கு உதவாது. பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட தலைக்காய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு போட்டவர்களில்தான் இறப்பு கூடியிருந்தது. சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை அளவும் எகிறும்.

டயாலிசிஸ் பண்றவங்க, ஹீமோபிலியா உள்ளவங்க என்ன செய்யணும்?

டயாலிசிஸில் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுப்பார்கள். தலையில் அடிபட்டிருந்தால் அடுத்த டயாலிசிஸுக்குப் படுக்கும் முன் அங்கே சொல்லுங்கள், ஹெப்பாரின் இல்லாமலும் செய்யலாம். ஹீமோபிலியா என்பது பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத நோய். அந்தப் பிள்ளைக்கு வரிசை மாறும்: முதலில் ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசி, பிறகு ஸ்கேன். வீட்டில் ஃபேக்டர் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.

இடுப்புல ஊசி போட்டதுல இருந்து பையன் கால் பாதம் தொங்குது. எத்தனை நாள்ல சரியாகும்?

பிட்டத்தில் நடுப்பகுதியை ஒட்டி ஊசி இறங்கினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பில் படும். ஒல்லியான பிள்ளைகளும், சதை வற்றிய முதியவர்களும்தான் இதற்கு ஆளாவார்கள், தடுக்கச் சதையில்லையே. சின்னப் பிள்ளைக்குத் தொடையின் வெளிப்பக்கம் போடச் சொல்வது இதனால்தான்.

நரம்பு அமுங்கி மட்டும் இருந்தால் வாரங்களில் திரும்பும். உள்ளிழை அறுந்திருந்தால் நாளைக்கு 1 மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும், மாதத்துக்கு ஓர் அங்குலம். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே போக எவ்வளவு நாள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அதுவரை பாதம் குறுகிப்போகாமல் இருக்க ஸ்பிளின்ட் என்ற தாங்கு பட்டையும் பயிற்சியும் வேண்டும். நரம்பு மின்பரிசோதனையை மூன்று வாரம் கழித்து எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும், மறுநாளே எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். அதே சமயம் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. பைக்கில் விழுந்து தோள் நரம்புக்கற்றை அறுந்தவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும்; ரொம்பத் தள்ளினால், நரம்பு போய்ச் சேரும்போது தசை செத்திருக்கும்.

வலியே இல்லையே, அப்புறம் எப்படிக் காயம் பெருசாச்சு?

வலி இல்லாததால்தான் பெரிதாச்சு. சர்க்கரையாலோ தொழுநோயாலோ நரம்பு செத்த காலில் ஆணி குத்தினால் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரியும். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளியின் விரல்களை நோயே தின்பதில்லை, வலி தெரியாமல் படும் காயங்களே தின்கின்றன என்று காட்டினார். மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றிக் கட்டி அவர் செய்த அறுவைகள் உலகம் அறிந்தவை. அவர் கண்டது சர்க்கரைக்காரரின் காலுக்கும் பொருந்தும். சம்மணமிட்டு நெடுநேரம் உட்காருவது, இறுக்கமான மாவுக்கட்டு போன்றவைகூட இவர்களுக்கு முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஓடும் நரம்பை நசுக்கிப் பாதத்தைத் தொங்க வைத்துவிடும்.

செலவுக்கு என்ன வழி?

தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு செலவு; 2021 டிசம்பரில் தொடங்கியது. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. பாத்ரூமில் விழுந்தவருக்கு இது வராது.

அண்ணன் பையன் பிறவியிலேயே பேச மாட்டான். பாட்டிக்கு ஏற்கெனவே மறதி. இவங்களுக்கெல்லாம் நினைவு சரியா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இருவர் வகுத்த அளவுகோலைத்தான் எல்லா இடத்திலும் போடுகிறோம். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 15, குறைந்தது 3. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். பேசவே பேசாத பையனுக்கும், கிழமை தெரியாத பாட்டிக்கும் இந்த அளவுகோல் பாதி வழியிலேயே நின்றுவிடும். பக்கவாதம் வந்து ஒரு கை ஏற்கெனவே தூக்க முடியாதவருக்கும் அப்படித்தான்.

அங்கே எங்களுக்கு வேண்டியது, நேற்று எப்படி இருந்தார் என்பது. "எப்பவும் இப்படித்தான்" என்ற ஒரு வரி போதாது. யாரைப் பார்த்தால் சிரிப்பார், எந்தக் கையால் சாப்பிடுவார், எத்தனை வார்த்தை பேசுவார் என்று சொல்லுங்கள். போனில் பழைய வீடியோ இருந்தால் காட்டுங்கள், கல்யாண வீட்டில் எடுத்தது என்றாலும் சரி.

ஒரு தடவை ஆட்டிசம் உள்ள பையனைக் கொண்டுவந்தார்கள். திண்ணையிலிருந்து விழுந்திருந்தான். கண் திறந்திருந்தது, கை கால் அசைந்தது, அமைதியாகப் படுத்திருந்தான். எங்கள் கண்ணுக்கு நல்ல பிள்ளையாகத் தெரிந்தான். மருந்து ட்ராலி கடகடவென்று பக்கத்தில் போனது. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், இந்தச் சத்தத்துக்கு அவன் காதைப் பொத்தணும். பொத்தல" என்றார். டியூட்டி டாக்டரை எழுப்பினேன். அரை மணி நேரத்தில் ஸ்கேன் ஆனது, ஒரு மணி நேரத்தில் பையன் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தான்.